கணினி பில்லில் எண்கள் ஒழுங்காக விழ வேண்டுமானால்...

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. பார்த்தவுடன் படிக்கும்படியும் இருக்க வேண்டும். அதனால்தான் நம் முன்னோர் பேரேட்டில் ரூபாய்க்கு ஒரு பத்தி, பைசாவுக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி வந்தனர். இன்று செஞ்சிக் கடைவீதியில் சிறிய மளிகைக் கடையிலும் கணினி பில் வந்துவிட்டது. கோடு போடும் வேலை இப்போது மென்பொருளுடையது. அது தானாகச் செய்யாது. எழுதியவர் சொல்லி வைத்திருந்தால்தான் செய்யும். எதைச் சொல்லி வைக்க வேண்டும் என்பதை வாங்குகிற வணிகரும் அறிந்திருப்பது நல்லது.

எண் வேறு, தோற்றம் வேறு

கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் எண் ஒன்று. தாளில் விழும் எழுத்து வேறொன்று. முன்னதைப் பின்னதாக மாற்றுவதையே ‘ஃபார்மட்’ செய்வது என்கிறார்கள். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியிலேயே இதற்குத் தனிக் கட்டளை இருந்தது. வணிகக் கணக்குக்கென்றே 1959-இல் திட்டமிடப்பட்ட கோபால் மொழியில், எண் எப்படித் தோன்ற வேண்டுமோ அதன் ‘படத்தையே’ எழுதிக் காட்டிவிடலாம். காசோலைத் தொகைக்கு முன்னால் யாரும் இலக்கம் சேர்த்துவிடாதபடி வெற்றிடத்தை நட்சத்திரக் குறிகளால் நிரப்பும் வசதியும் அதில் உண்டு. நாம் தொகைக்குப் பின் ‘மட்டும்’ என்று எழுதுவதும் இதே எச்சரிக்கைதான்.

சி மொழியில் ‘பிரிண்ட்எஃப்’ என்ற கட்டளை இருக்கிறது. அதில் 8.2 என்று குறித்தால், “மொத்தம் எட்டு இடம், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம், மிஞ்சிய இடத்தை இடப்புறம் காலியாக விடு” என்று பொருள். 45.5 என்ற தொகை 45.50 ஆகி, முன்னால் மூன்று வெற்றிடத்துடன் விழும். 1250 என்பது 1250.00 ஆகி, ஒரு வெற்றிடத்துடன் விழும். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வந்துவிடும். எடைக்கு மூன்று இலக்கம் (0.250 கிலோ), விலைக்கு இரண்டு, பாக்கெட் எண்ணிக்கைக்குப் புள்ளியே வேண்டாம் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளலாம்.

இடம் போதாவிட்டால்?

இங்குதான் மொத்த வியாபாரிகள் கவனமாக இருக்க வேண்டும். ஒதுக்கிய இடத்தைவிடத் தொகை பெரிதானால் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாக நடக்கிறது. ஃபோர்ட்ரான் அந்த இடம் முழுவதும் நட்சத்திரம் போட்டுவிடும். சி மொழி எண்ணை முழுமையாக அச்சிடும். ஆனால் பத்தி வலப்புறம் தள்ளிப்போகும். கோபாலில் முன் இலக்கம் வெட்டுப்படும். ஐந்து இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் 1,23,456 என்பது 23,456 என்று விழும். உள்ளே கூட்டல் சரியாகவே இருக்கும். தாளில் ஒரு லட்சம் காணாமற்போயிருக்கும்! நெல், மணிலா மூட்டைகளுக்கு லட்சக்கணக்கில் பட்டியல் போடுபவர்கள், தங்கள் கடையின் மிகப் பெரிய தொகையைப் போல் பத்து மடங்கைப் போட்டுச் சோதிப்பது நலம்.

லட்சத்துக்குக் கமா

பல மொழிகளில் ‘கமா போடு’ என்று மட்டும் சொன்னால் மேல்நாட்டு முறையில் மும்மூன்று இலக்கமாகப் பிரித்து 1,234,567.50 என்று அச்சிடும். பைத்தானும் அப்படியே. நமக்கு வேண்டியது 12,34,567.50. பன்னிரண்டு லட்சம் என்று வாடிக்கையாளர் உடனே படிப்பது இந்த முறையில்தான். விண்டோஸ் கணினியில் வட்டார அமைப்பை ‘ஆங்கிலம் (இந்தியா)’ என்று வைத்தால் எக்செல் தாளில் இது கிடைத்துவிடும். தனி மென்பொருளானால் எழுதியவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

பைசாவில் வரும் தகராறு

5 சதவீத வரியுள்ள சரக்கு ரூ. 40.20-க்கு விற்பதாகக் கொள்வோம். வரி ரூ. 2.01. மத்திய, மாநிலப் பங்கு ஆளுக்குப் பாதி, அதாவது 1.005. கையால் போட்டால் 1.01 வீதம் இரண்டும் சேர்ந்து 2.02 ஆகும். கணினியோ பெரும்பாலும் இரண்டின் அடிமானத்தில் எண்ணை வைப்பதால், 1.005 என்பது உள்ளே அதைவிட மிக மிகச் சிறிது குறைவாகவே பதிவாகிறது. அதை இரண்டு இலக்கத்துக்கு அச்சிட்டால் 1.00 என்றே வரும். இரண்டும் சேர்ந்து 2.00. இரண்டுமே 2.01 அல்ல! ஒரு பைசாதானே என்று விடலாகாது. நாளுக்கு நூறு பில் என்றால் மாதக் கடைசியில் பில்லின் கூட்டலும் பேரேட்டின் கூட்டலும் ஒத்துவராது.

தொகைகளைப் பைசாவாக, முழு எண்ணாகவே (4020 பைசா) வைத்துக் கணக்கிட்டு, அச்சிடும்போது மட்டும் புள்ளி வைப்பது பாதுகாப்பானது. பாதிப் பைசாவை எங்கே, எப்படி முழுமையாக்குவது என்பதையும் தணிக்கையாளரைக் கேட்டு முடிவு செய்து, எல்லா பில்லிலும் ஒரே முறையைக் கையாள வேண்டும். செலுத்தும் வரித் தொகையை முழு ரூபாயாக்குவதற்கு 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவு விதி தருகிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், அதற்குக் கீழே விட்டுவிடலாம். 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-க்குப் பின் செல்லாதவை ஆகிவிட்டதால், வாடிக்கையாளர் தரும் மொத்தத் தொகையையும் முழு ரூபாயாக்கி, அந்த வித்தியாசத்தைத் தனி வரியில் காட்டுவதே முறை.

தமிழில் பெயர் போட்டால்

58 மி.மீ. தாள் சுருளில் வரிக்குப் பொதுவாக 32 எழுத்து, 80 மி.மீ. சுருளில் 48 எழுத்து அடங்கும். ஆங்கிலத்துக்கு இந்தக் கணக்கு சரி. ‘கொத்தமல்லி’ நம் கண்ணுக்கு ஆறெழுத்து; யூனிகோட் முறையில் கணினி அதைப் பத்துக் குறிகளாக எண்ணும். ‘புளி’ இரண்டெழுத்து, கணினிக்கு நான்கு. குறிகளை எண்ணி வெற்றிடம் விட்டால் விலைப் பத்தி கோணலாகத்தான் விழும். தீர்வு எளிது. சரக்கின் பெயரை ஒரு வரியிலும், எடை, விலை, தொகையை அடுத்த வரியிலும் போடலாம். அல்லது எண்களை வலது ஓரத்திலிருந்து அளந்து நிறுத்தச் சொல்லலாம்.

பில் எண்ணும் தேதியும்

ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி பட்டியல் எண் தொடர்ச்சியாகவும், 16 குறிகளுக்கு மிகாமலும், நிதியாண்டுக்குள் திரும்ப வராமலும் இருக்க வேண்டும். எண்ணை 00009, 00010 என்று பூஜ்யம் சேர்த்து வைத்தால் வரிசை கெடாது. இல்லாவிடில் எழுத்தாக அடுக்கும்போது 10 முன்னும் 9 பின்னும் நிற்கும். தேதியை 03/04 என்று விட்டால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்ற குழப்பம் வரும். 2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டார் நம் கடைகளுக்கும் வருவர். மாதத்தை எழுத்தால் போடுவதே உத்தமம்.

ஆகவே மென்பொருளுக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை பில் கேளுங்கள். அதில் ஒரு கோடியைத் தாண்டும் தொகை, கால் கிலோ எடை, ரூ. 40.20 விலை, ஒரு நீண்ட தமிழ்ப் பெயர், ஒரு சிறிய பெயர் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். ஐந்தும் நேராக விழுந்து, கூட்டலும் ஒத்துவந்தால் தாராளமாக வாங்கலாம்.