பல இலட்சம் கைகள், ஒரே ஆட்டம்



திருகோணமலைக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் பலர், மீனவரின் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒரே இழுவை.

இணையத்திலும் அப்படியொன்று நடந்தது. 2014 பெப்ரவரி 12இல், ட்விச் என்ற இணைய நேரலைத் தளத்தில் 'போகிமொன் ரெட்' வீடியோ விளையாட்டு தொடங்கியது. பார்ப்பவர்கள் 'மேலே', 'இடது' என்று தட்டெழுத, கணினி அதையே பொத்தான் அழுத்தமாக ஏற்றது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் நாயகன் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு வாக்கெடுப்பு முறையும் சேர்ந்தது: சில நொடிகளில் அதிகம் பேர் கேட்ட கட்டளையே நிறைவேறும்.

11 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கைகொடுக்க, 16 நாட்களில், மார்ச் 1இல் வெற்றி கிட்டியது. கயிறானாலும் கணினியானாலும், கூடி நின்று விடாமல் இழுத்தால் வலை கரைசேரும்.