கழிமுகத்துக்குப் படகேறும் முன்

விடுமுறை வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே வண்டியை ஓரங்கட்டுபவர்கள் அதிகம். உப்பளப் பாத்திகளையும் வெள்ளைக் குவியல்களையும் படம் எடுக்கிறார்கள். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர் மீது ஏறிப் பார்க்கிறார்கள். கீழே அகலமான கழி, அதற்கப்பால் மணல்திட்டு, அதையும் தாண்டிக் கடல். கரையில் இழுத்துவைத்த ஃபைபர் படகின் பக்கத்திலிருந்து யாராவது கேட்பார்: "திட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா சார்?" ஆளுக்கு இவ்வளவு என்று பேசி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் பணத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். உயிரையும், உயிருக்கு ஒன்று ஆகிவிட்டால் நிற்க வேண்டிய சட்டத்தையும் பற்றிப் பேச நமக்குக் கிடைப்பதும் அதே இரண்டு நிமிடம்தான்.

படகோட்டியின் திறமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. எக்கியார்குப்பத்திலும் கூனிமேட்டிலும் அலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் தொழிலுக்குப் போகும்போது அந்தப் படகில் இருப்பது மூன்று நான்கு பேர், அத்தனை பேருக்கும் எங்கே உட்கார வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்று தெரியும். வலையும் ஐஸ் பெட்டியும் படகின் அடியில் கனமாகக் கிடக்கும். சவாரிக்கு ஏறும் பத்துப் பன்னிரண்டு பேரின் கதை வேறு. கனம் முழுவதும் மேலே இருக்கும். ஒருவர் எழுந்து செல்ஃபி எடுப்பார், பறவைக் கூட்டம் தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். படகு அதேதான், ஆனால் தண்ணீரில் அது நடந்துகொள்ளும் விதம் மாறிவிடுகிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரக்காணத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கழுவெளி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக அது கடலோடு சேர்கிறது. ஏரிக்குள் தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. அதைப் பார்த்துத்தான் பயம் விட்டுப்போகிறது. முகத்துவாரம் அப்படியல்ல. அங்கே மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு முறையும் வாயைப் புதிதாக வெட்டிவிட்டுப் போகிறது, போன வருடம் ஓடம் போன வழியில் இந்த வருடம் திட்டு நிற்கும். வற்றம் இறங்கும் நேரத்தில் ஏரித்தண்ணீர் மொத்தமும் அந்தக் குறுகிய வாய் வழியே கடலுக்கு இழுக்கும். எதிரே வரும் அலை அந்த இழுப்பில் மோதி, ஆழம் குறைந்த மணல்மேட்டில் தட்டி, செங்குத்தாக எழுந்து உடையும். எஞ்சின் நின்றுபோன படகு அங்கே குறுக்காகத் திரும்பினால் கவிழ ஒரே அலை போதும். விழுந்தவர் நீச்சல் தெரிந்தவராகவே இருக்கட்டும், எதிர்த்து நீந்தி அந்த இழுப்பை வெல்ல முடியாது. கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும் என்பது தெரிந்திருந்தால்தான் தப்பலாம்.

இதெல்லாம் நடக்காத கதை அல்ல. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழவேற்காட்டுக்கு வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை. உறவினர்கள் ஒன்றாகக் கிளம்பிய பயணம் என்பதால் ஒரே வீட்டில் பல பேரைப் பறிகொடுத்தார்கள். அதன்பின் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது, தடையை மீறிச் சவாரி நடப்பதாகச் செய்திகளும் வந்துகொண்டே இருந்தன. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், கழிமுகத்துக்குப் பக்கத்தில், இருட்டும் நேரத்தில் கிளம்பிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதில் பாதிக்கும் மேல் குழந்தைகள். அது மீன்பிடிப் படகாக இருந்து சவாரிக்காக மாற்றிக் கட்டப்பட்டது என்பதும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் பிறகு வெளியே வந்தன.

அரசுப் படகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்றும் சொல்ல மாட்டேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்து 45 உயிர்களை எடுத்தது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு. இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டதும், படகின் அமைப்பிலேயே இருந்த குறையும் காரணங்களாகப் பேசப்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது? 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், 2021, ஏரி, ஆறு, கால்வாய் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் எஞ்சின் படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு, உயிர்காக்கும் கருவிகள் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் மீன்பிடிப் படகாகப் பதிவான கலம் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வராது. படகின் பக்கவாட்டில் 'ஐஎன்டி டிஎன்' என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து, "பதிவான படகுதானே" என்று நாம் நிம்மதி அடைகிறோம். அது மீன்பிடிக்கக் கொடுத்த பதிவு. பயணிகளை ஏற்ற அந்தப் படகு தகுதியானதா, எத்தனை பேரைத் தாங்கும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. படகுக்கும் மீனவருக்கும் எடுத்த காப்பீடு, காசு கொடுத்து ஏறிய உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நம்பிவிடவும் முடியாது.

கழுவெளியில் இன்னொரு விஷயமும் உண்டு. 2021-இல் தமிழ்நாடு அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த பகுதி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். "உள்ளே போய் பூநாரையைப் பக்கத்தில் காட்டுகிறேன்" என்று யாராவது அழைத்துப் போனால், பிடிபடும்போது படகோட்டியோடு நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எஞ்சின் சத்தத்தில் கூட்டமாகக் கிளம்பும் பறவைகள் இரை தேடும் நேரத்தை இழக்கின்றன என்பதையும் நினைக்க வேண்டும். சவாரிதான் வேண்டுமென்றால் வடக்கே முதலியார்குப்பத்திலும் தெற்கே சுண்ணாம்பாற்றிலும் அரசு சுற்றுலாக் கழகங்கள் நடத்தும் படகுக் குழாம்கள் இருக்கின்றன. அங்கேயும் கீழே சொல்லும் கேள்விகளைக் கேட்டுவிட்டே ஏறுங்கள்.

கரையிலேயே கேளுங்கள்: "அண்ணே, இந்தப் படகுல எத்தனை பேர் ஏத்துவீங்க? ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கா? முகத்துவாரத்துக்குப் போவீங்களா, ஏரிக்குள்ளயே திருப்பிடுவீங்களா?" மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதுதான் முக்கியமானது. காலையில் போங்கள். பொழுது சாய்ந்தபின் எவ்வளவு கெஞ்சினாலும் ஏறாதீர்கள். சென்னை வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறதா, புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருக்கிறதா என்பதைச் செய்தியில் பார்க்க ஒரு நிமிடம் போதும். மீனவர்களே கடலுக்குப் போகாத நாளில் சுற்றுலாப் பயணிக்கு அங்கே வேலை இல்லை.

லைஃப் ஜாக்கெட்டில் நாம் செய்யும் தவறு வேறு மாதிரி. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டை ஆறு வயதுப் பிள்ளைக்கு மாட்டி, நாடாவை ஒரு முடிச்சுப் போட்டு, அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளையின் தோள் பக்கம் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதைத் தாண்டி வருகிறதா? அப்படியானால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். பக்கிள் உடைந்தது, வெயிலில் நுரை நொறுங்கியது, துணி கிழிந்தது எதையும் வாங்காதீர்கள். சேலையோ துப்பட்டாவோ கட்டியிருக்கும் பெண்கள் அதை மடித்துச் செருகிவிட்டு மேலே ஜாக்கெட் போட வேண்டும், ஈரத்துணி காலைச் சுற்றினால் உதைத்து நீந்த முடியாது. ஜாக்கெட்டைப் பலகைக்குக் கீழே வைத்துக்கொண்டு "தேவைப்பட்டா போட்டுக்கலாம்" என்பது உதவாது. தேவைப்படும் நேரத்தில் நீங்கள் தண்ணீருக்குள் இருப்பீர்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஜிபே, போன்பே எதுவானாலும் அனுப்பியதற்குத் தடம் இருக்கும், யாருக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு என்று தெரியும். ஏறும் முன் படகின் எண்ணோடு ஒரு படம் எடுத்து, கரையில் நிற்பவருக்கோ வீட்டுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ரசீது கேட்டுக் கொடுக்க மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதை முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது.

இந்தச் சட்டத்தைப் பற்றி நம் மக்கள் தெரிந்துகொள்ளாத ஒன்று உண்டு. வழக்கு எந்த ஆணையத்துக்குப் போகும் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகை தீர்மானிப்பதில்லை, சேவைக்குக் கொடுத்த கட்டணம் தீர்மானிக்கிறது. படகுக்குச் சில ஆயிரம் கொடுத்திருப்பீர்கள், அதனால் பல லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குப் பணம் கட்டவே வேண்டாம். விபத்து மரக்காணத்தில் நடந்ததால் விழுப்புரத்துக்கு அலைய வேண்டுமோ என்ற கவலையும் வேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு வருடம். ரிசார்ட்டோ பயண முகவரோ ஏற்பாடு செய்த சவாரி என்றால் படகுக்காரரோடு அவர்களையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். 'பயணிகள் சொந்தப் பொறுப்பில் ஏறவும்' என்று பலகை வைத்துவிட்டதால் மட்டும் கவனக்குறைவுக்கான பொறுப்பு கழன்றுவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குற்றவியல் பக்கம் தனி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாத அல்லது அளவுக்கு மீறிப் பாரமேற்றிய கலத்தில் கூலிக்கு ஆளை ஏற்றுவதே குற்றம் என்கிறது. 282 ஆபத்தாகப் படகு ஓட்டுவதற்கு. உயிர் போனால் 106. ஆள் அதிகம் ஏற்றுவதைக் கண்ணால் பார்த்தால், கவிழும்வரை காத்திருக்காமல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கு அழைக்கலாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, எதுவும் நினைவில்லாவிட்டால் 112.

விபத்து நடந்துவிட்ட வீட்டில் யாருக்கும் காகிதத்தைப் பற்றி யோசிக்க மனம் இருக்காது. அதனால் அக்கம்பக்கத்தார் ஒருவர் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கையை எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம், "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் வாங்கிவையுங்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டமாக இருக்கலாம், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. இப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாமல் வீட்டார் விட்டுவிடக் கூடாது. வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவர்கள் 15100-க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசம்.

தாய்லாந்து, வியட்நாம் என்று போகும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரக்காணம் மணல் கரை, இங்கே கடற்குகை கிடையாது. குகைக்குள் படகு நுழைந்து தீவின் நடுவில் இருக்கும் நீர்வாவியைக் காட்டும் சவாரிக்குப் பேர்போனது தாய்லாந்தின் பாங் நா வளைகுடா. அந்த வாயில்கள் ஏற்றவற்றத்தைப் பொறுத்தே திறக்கும். தண்ணீர் ஏறிவிட்டால் தலைக்கும் பாறைக்கும் இடைவெளி இருக்காது. அதனால் நேரம் தவறிய சவாரியை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே கடல் கொந்தளித்த வேளையில் ஃபீனிக்ஸ் என்ற படகு மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். 2025 ஜூலையில் ஹாலோங் விரிகுடாவில் திடீர்ச் சூறைக்காற்றில் படகு கவிழ்ந்து 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயணக் காப்பீட்டில் நீர் விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே படியுங்கள். இங்குள்ள முகவரிடம் பதிவு செய்திருந்தால் அவர் மீது உங்கள் ஊரிலேயே வழக்குத் தொடரலாம்.

படகுக்காரர்களை விரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும், மீன் கிடைக்காத நாள்களிலும், சவாரிக் காசில் அடுப்பெரியும் வீடுகள் இருக்கின்றன. பழவேற்காட்டில் செய்ததுபோலத் தடை போட்டுவிட்டு ஒதுங்கினால் சவாரி மறைவாக நடக்கும், ஜாக்கெட்டும் கணக்கும் இல்லாமல் நடக்கும். ஏரிக்குள் மட்டும் என்று எல்லை குறித்து, படகைச் சோதித்து, ஆள் எண்ணிக்கையைப் படகின் மீதே எழுதவைத்து, குப்பத்து இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்து உரிமம் தர அரசால் முடியும். அதைக் கேட்கும் உரிமை குப்பத்து மக்களுக்கும் வருபவர்களுக்கும் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தாளில் இப்படிக் கேட்கலாம்: இந்தக் கழிமுகப் பகுதியில் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற படகுகள் எத்தனை, அவற்றின் எண்கள் என்ன, கடைசியாக எந்தத் தேதியில் எந்த அதிகாரி சோதித்தார், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் ஏறலாம்? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.