விண்ணோடத்தின் செராமிக் தோல்

விருத்தாசலத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். செராமிக் பட்டயப் படிப்பு படிக்கிறாராம்; இரவில் அண்ணனோடு உட்கார்ந்து விண்வெளித் தொடர்கள் பார்ப்பாராம். “தொடர்ல வர்ற கப்பல் எந்தக் கிரகத்துலயும் அலுங்காம இறங்கிடுது. நிஜ விண்கலம் மட்டும் நெருப்புக் கோளமா இறங்குதே, ஏன் சார்? அதோட வெளித்தோலை எதால செய்யறாங்க? அதை எங்க ஊர்ச் சூளையில சுட முடியுமா?” என்று மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்விக்காகவே இந்த வாரப் பக்கம் முழுவதையும் அவருக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கார்த்திகைக்கு நாம் வாங்கும் பளபளப்பான அகலும், மின்கம்பத்துப் பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கட்டையும் எந்த ஊரில் சுடப்படுகின்றனவோ, அந்த ஊரிலிருந்து வந்த கேள்வி அல்லவா!

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் ‘ஸ்டார் ட்ரெக்’ வரும். ஆங்கிலம் பாதி புரியாவிட்டாலும் நாங்கள் கண் கொட்டாமல் பார்த்த தொடர் அது. அதில் எண்டர்பிரைஸ் என்ற கப்பல் எந்தக் கிரகத்திலும் தரையிறங்காது. ஆட்கள் ஒரு மேடையில் வரிசையாக நிற்பார்கள், மினுமினுவென்று கரைவார்கள், கீழே போய்த் தோன்றுவார்கள். 1966-இல் தொடரைத் தொடங்கிய ஜீன் ராடன்பெரிக்கு, வாரா வாரம் ஒரு பெரிய கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அதற்காகக் கண்டுபிடித்த உபாயம்தான் அந்த மேடை. செலவு மிச்சமானது. கூடவே வெப்பம் என்ற பெரிய அத்தியாயம் கதையிலிருந்தே போய்விட்டது. பின்னால் வந்த தொடர்கள் பலவும் அதே வழியில் போயின.

நிஜத்தில் அந்த அத்தியாயத்தைத் தாண்டாமல் யாரும் வீடு திரும்ப முடியாது. பூமியைச் சுற்றும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கலத்தின் ஒவ்வொரு கிலோ எடையிலும் சுமார் 3 கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கீழே வந்து நிற்பதற்குள் இவ்வளவையும் எங்காவது கொட்டியாக வேண்டும். காற்றில்தான் கொட்டுகிறார்கள். உரசல்தான் சூட்டுக்குக் காரணம் என்று பள்ளியில் சொல்லித் தருவதுண்டு. பெரும்பங்கு உரசலால் வருவதில்லை. எதிரே இருக்கும் காற்றுக்கு விலக நேரம் கிடைக்காமல் கலத்தின் முன்னால் நசுங்குகிறது. நசுங்கிய காற்று கொதிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுமே, அந்தச் சூடுதான் இது, பல்லாயிரம் மடங்காக.

இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவுக்கு 1950-களின் தொடக்கத்தில் ஜூலியன் ஆலன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வந்தார். கூர்மையான மூக்கைவிட மழுங்கிய மூக்கே பாதுகாப்பு என்றார். மழுங்கிய உடல் தனக்கு முன்னால் தடித்த காற்று மெத்தை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வரும்; சூட்டில் பெரும்பகுதி அந்தக் காற்றோடு விலகிப் போய்விடும். தொடர்களில் வரும் ஊசிமூக்குக் கப்பல்கள் கண்ணுக்கு அழகு. அவற்றில் ஏறி வளிமண்டலத்துக்குள் நுழைய நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனாலும் மிச்சச் சூடு தோல் மீது விழத்தான் செய்யும். இங்கேதான் விருத்தாசலத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1981 ஏப்ரல் 12 அன்று முதன்முதலாகப் பறந்த கொலம்பியா விண்ணோடத்தின் உடல் அலுமினியம். அலுமினியமோ இருநூறு டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். அடிவயிற்றில் விழும் சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தொடும். இரண்டுக்கும் நடுவே நின்றவை சிலிக்கா ஓடுகள். கொலம்பியாவில் 30,000-க்கும் மேல். பின்னர் வந்த விண்ணோடங்களில் சுமார் 24,000. வளைவுக்கு ஏற்ப வெவ்வேறு வடிவத்தில் வெட்டி, எண் போட்டு, கையால் ஒட்டியவை.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன், நம் பட்டறைக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 99.8 விழுக்காடு தூய சிலிக்காவை மெல்லிய இழையாக இழுத்து, தண்ணீரில் கலக்கிக் குழம்பாக்குகிறார்கள். அச்சில் ஊற்றி நீரை வடிக்கிறார்கள். உலர்த்துகிறார்கள். 1,300 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுடுகிறார்கள். வெட்டி, போரோசிலிக்கேட் கண்ணாடியைக் கறுப்பு கிளேஸாகத் தெளித்து மறுபடி சுடுகிறார்கள். பிளாஸ்டர் மோல்டில் ஸ்லிப் என்ற களிமண் குழம்பை ஊற்றி, வடித்து, காயவைத்து, பிசிறு தட்டி, கிளேஸ் போட்டுச் சூளையில் ஏற்றும் வேலையின் படிகள்தாம் இவை.

வந்த பொருள்தான் வேறு. ஓட்டின் பருமனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் காற்று. 15 சென்டிமீட்டர் சதுரமும் 5 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஓடு 160 கிராம் சொச்சம்தான் இருக்கும். அதே அளவில் பீங்கானை வார்த்தால் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். அடுப்பிலிருந்து செக்கச்செவேலென்று எடுத்த ஓட்டுக் கட்டியைச் சில நொடிகளில் வெறும் விரல்களால் மூலைகளைப் பிடித்துத் தூக்குவார்கள். உள்ளே இன்னும் தணலாக ஒளிரும், விரல் சுடாது. இழைகளின் வழியே சூடு ஓடி வருவதற்குள் மூலைகள் தங்கள் சூட்டைக் காற்றில் விட்டுவிடுகின்றன. சிவக்கச் சிவக்க இருக்கும் ஓட்டைத் தண்ணீரில் போட்டாலும் விரிசல் விடாது, ஏனென்றால் தூய சிலிக்கா சூட்டில் விரிவது மிக மிகக் குறைவு. கறுப்பு கிளேஸுக்கும் வேலை உண்டு: வாங்கிய சூட்டின் பெரும்பகுதியை உடனுக்குடன் வெளியே கதிராக வீசுவது அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒட்டும் வேலை. அலுமினியம் விரியும், சுருங்கும், ஓடு அசையாது. நேரே ஒட்டினால் ஓடு பிளக்கும். ஆகவே நடுவே ஒரு ஃபெல்ட் துணி வைத்தார்கள். 1979-இல் கொலம்பியாவை ஒரு ஜம்போ விமானத்தின் முதுகில் ஏற்றி புளோரிடாவுக்குக் கொண்டுபோனபோது வழியிலேயே ஓடுகள் பல உதிர்ந்துவிட்டன. ஆராய்ந்தபோது ஃபெல்ட்டின் இழைகள் ஓட்டின் அடிப்பக்கத்தை அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பிடித்து இழுப்பது தெரிந்தது. அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், ஓட்டின் அடிப்பக்கத்தில் சிலிக்கா ஸ்லிப்பைப் பூசி இறுகவைப்பது. கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும்போது ஸ்லிப் தடவும் எந்தத் தொழிலாளிக்கும் இது புரியும்.

தொடருக்கும் இந்த ஓடுகளுக்கும் ஒரு உறவு உண்டு. முதல் விண்ணோடத்துக்கு ‘கான்ஸ்டிடியூஷன்’ என்று பெயர் வைப்பதாக இருந்தது. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்து, 1976-இல் அதை ‘எண்டர்பிரைஸ்’ ஆக்கிவிட்டார்கள். அந்த எண்டர்பிரைஸ் விண்வெளிக்குப் போகவே இல்லை. 1977-இல் விமானத்திலிருந்து அவிழ்த்துவிட்டு இறங்கிப் பழகியதோடு சரி. ஆகவே அதன் மேல் இருந்தவை பாலியூரித்தேன் நுரையில் வெட்டிய பாவனை ஓடுகள். இறக்கை விளிம்பு ஃபைபர்கிளாஸ்.

அந்த ஃபைபர்கிளாஸுக்கு 2003-இல் வேலை வந்தது. ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கை விளிம்பில் மோதி ஓட்டை போட்டது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் அந்த ஓட்டை வழியே சூடு உள்ளே புகுந்தது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்டார்கள். இவ்வளவு லேசான நுரை உடைத்திருக்குமா என்று பலர் நம்பவில்லை. நுரையைச் சுட்டுப் பார்க்கும் சோதனைக்கு எண்டர்பிரைஸின் ஃபைபர்கிளாஸ் விளிம்பைக் கழற்றிக்கொண்டு போய் முதலில் ஒத்திகை பார்த்தார்கள். பிறகு ஜூலையில் அசல் கார்பன் விளிம்பின் மேல் சுட்டபோது சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அத்துடன் வாதம் முடிந்தது.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ.-1 என்ற கலம் போயிற்று. 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு, ஜனவரி 22 அன்று வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. சுற்றுப்பாதையிலிருந்து இஸ்ரோ திரும்பக் கொண்டுவந்த முதல் கலம் அது. மூக்கில் கார்பன்-பினாலிக், உடலில் சிலிக்கா ஓடுகள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. தொடர்களில் கேப்டனுக்கு நாற்காலி இருக்கிறது, பொறியாளருக்கு இயந்திர அறை இருக்கிறது. தோலைச் சுட்டவருக்கு ஒரு காட்சிகூட இல்லை. ராக்கெட் கிளம்பும் நாளில் நம் செய்தி அலைவரிசைகளும் புகையையும் கைதட்டலையும் காட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. அது எதனால் செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. செராமிக் படித்தால் கழிப்பறைக் கோப்பை செய்யத்தான் போகணும் என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பையைக் கோணாமல், வெடிக்காமல் சுட்டெடுப்பதே பெரிய வித்தை. அதைக் கற்றவர்தான் அடுத்து இன்சுலேட்டருக்கும், எலும்பு மருத்துவத்துக்கான செராமிக்கிற்கும், விண்கல ஓட்டுக்கும் போக முடியும். அரசு செலவில் சொல்லித்தரும் ஒரு நிறுவனம் விருத்தாசலத்திலேயே இருக்கும்போது அந்தப் படிப்பை இரண்டாந்தரமாக எண்ணுவது நமக்குத்தான் நஷ்டம்.

இனி மாணவியின் மூன்றாவது கேள்வி. சூடு எட்டும் அம்மா. இன்சுலேட்டர் சுடும் சூளையே அந்த வெப்பத்துக்குப் பக்கத்தில் போய்விடும். தடையாக நிற்பது தூய்மை. நம் களிமண்ணில் இருக்கும் சோடியம், பொட்டாசியம் போன்றவை துளி கலந்தாலும் சூட்டில் சிலிக்கா இழை படிகமாகிக் கிரிஸ்டோபலைட் ஆகிவிடும். ஆறும்போது அது சட்டென்று சுருங்கும், ஓடு நொறுங்கும். ஆனால் இந்த ஓட்டின் ஒன்றுவிட்ட சகோதரனை நீங்கள் இப்போதே பார்க்கலாம். புதுவகைச் சூளை ஒன்றின் கதவு திறந்திருக்கும்போது உள்சுவரைக் கவனியுங்கள். வெள்ளையாக, அழுத்தினால் அமுங்கும் செராமிக் ஃபைபர் இருக்கும். அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த இழை. புதுத்துண்டு ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். எடை போட்டு, ஒரு பக்கம் சூடேற்றி, மறுபக்கம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடாகிறது என்று அளந்து, அதே தடிமனுள்ள பீங்கான் துண்டோடு ஒப்பிட்டு எழுதி அனுப்புங்கள். அட்டவணையை உங்கள் பெயரோடு இதே பக்கத்தில் போடுகிறேன்.