பழைய அம்பாசிடரும் புதிய அம்பாசிடரும்

ஜோகுபாளையத்தில் வாழும் தமிழர் ஒருவர், குடும்பத்துடன் சேலம் சென்றுவரப் பழைய அம்பாசிடர் வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1979-இல் வந்த நான்காம் மாதிரியும், 1990-களில் வந்த 1800 ஐ.எஸ்.ஸெட். மாதிரியும் அவர்முன் நிற்கின்றன. உருவத்தில் இரண்டும் உடன்பிறப்புகள், உள்ளேதான் வேற்றுமை.

முன்னதில் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின், நான்கு கியர்கள். கியர்க்கோல் ஸ்டியரிங்கின் கீழே. பின்னதில் 1817 கன சென்டிமீட்டர் இஸுஸு எஞ்சின், ஐந்து கியர்கள், கோல் தரையில். திரும்பும் வழியில் தொப்பூர்க் கணவாய் ஏறும்போது இவ்வேற்றுமை நன்கு விளங்கும். பழையதன் சிறப்போ எளிய அமைப்பு.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆகவே சேமித்த பணத்தைக் கொடுக்குமுன் வர்ணத்தில் மயங்க வேண்டா. அடித்தகட்டில் துருவைத் தேடுக. உதிரி உறுப்புகள் கிடைக்குமிடத்தை விசாரித்தறிக. ஆண்டு புதியதாயினும், பேணப்படாத வண்டி பழையதே.