துவிச்சக்கர வண்டியின் சங்கிலிக் கணக்கு

2022ஆம் ஆண்டிலே பெற்றோல் வரிசையில் நின்று அலுத்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. மோட்டார் சைக்கிள் முற்றத்தில் ஓய்வெடுக்க, கோடிப்புறத்திலே சாக்கினால் மூடுண்டு கிடந்த பழைய கியர்த் துவிச்சக்கர வண்டி எமது கண்ணிற்பட்டது. ரயர்களைப் புதுப்பித்தோம். கியர் மாற்றும் பொறி மாத்திரம் துருவேறி உறைந்துபோயிருந்தது.

"அப்பா, எங்கடை ஊரிலை கியர் எதுக்கு? ஏற ஒரு மேடு கிடக்கே?" என்றாள் உயர்தர வகுப்பிற் கற்கும் மகள். நியாயந்தான். யாழ்ப்பாணத்துச் சமதரைக்கு ஒரே கியர் போதும். பொறியை அகற்றினோம். பின்னே அடுக்காயிருந்த பற்சில்லுகளுக்குப் பதிலாக 18 பற்களுள்ள ஒற்றைப் பற்சில்லு ஒன்றைப் பொருத்தினோம். முன்னே இருந்தது 46 பற்களுடையது. பெடல் ஒரு முறை சுற்றப் பின்சில்லு இரண்டரை முறைக்குச் சற்று மேலாகச் சுற்றும். எதிர்க்காற்றிலும் இது தாங்கக்கூடிய அளவே.

எஞ்சியது சங்கிலி. கியர் வண்டியின் சங்கிலி நீளமானது. வெட்டிக் குறைத்தாலன்றி உதவாது. பழையதையே வெட்டிப் பூட்டினோம். அதனைச் சிக்கனமென்று எண்ணினோம்.

மூன்றாம் நாள் மாலை ரியூசன் முடிந்து வந்தவள், ஆரியகுளச் சந்தியை விரைந்து கடக்க எழுந்து நின்று மிதித்தாள். மிதித்த கால் வெறுமையிற் போயிற்று. சங்கிலி கழன்றுவிட்டது. பின்னால் வந்த லொறிக்காரர் தக்க தருணத்தில் பிறேக்கை அமுக்கியமையால் பிள்ளை முழங்காற் சிராய்ப்போடு தப்பினாள். வண்டியை உருட்டி வந்து, ஒன்றும் பேசாது எம்முன்னே நிறுத்தினாள். அன்றிரவு மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்திலே தந்தையும் மகளும் கணக்குப் போட அமர்ந்தோம்.

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை ஆக்கியவர் ஹான்ஸ் றெனோல்ட் என்பவர். சுவிற்சர்லாந்திற் பிறந்து மன்செஸ்ரரிலே தொழில் நடத்திய அவர், 1880ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். துவிச்சக்கர வண்டிச் சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைத்தூரம் சரியாக அரை அங்குலம். ஒடுங்கிய கண்ணியும் அகன்ற கண்ணியும் மாறிமாறி வரும். ஒடுங்கியதோடு ஒடுங்கியதைப் பூட்ட இயலாது. ஆதலின் சங்கிலியைக் குறைப்பதாயினும் கூட்டுவதாயினும் இவ்விரண்டு கண்ணிகளாக, அஃதாவது ஓர் அங்குலமாகவே செய்தல் வேண்டும். ஐம்பது அங்குலம் வைக்கலாம், ஐம்பத்தொன்றும் வைக்கலாம். ஐம்பதேகால் வைக்க முடியாது.

எமது வண்டிக்கு வேண்டியதோ ஏறக்குறைய ஐம்பதேகால்! பின்சில்லின் அச்சு, தான் பொருந்தும் வெட்டின் முன்னந்தத்தில் நிற்கும்போது, பெடல் அச்சுக்கும் அதற்கும் இடைத்தூரம் 17 அங்குலம். மேலும் கீழுமாக 34. இரு பற்சில்லுகளிலும் பற்கள் 64. அவற்றிற் பாதியைச் சங்கிலி தழுவும், அது 16 அங்குலம். ஆகக் கூடி 50. ஒரு பற்சில்லு பெரிதும் மற்றது சிறிதுமாகையால் சங்கிலி சரிவாகச் செல்கின்றது. அதற்காகக் கால் அங்குலத்திற்குச் சற்று மேலே சேர்த்தல் வேண்டும்.

50 வைத்தால் எட்டாது. 51 வைத்தால் முக்கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாக மிகும். அந்த மிகுதியில் மேற்சங்கிலிக்குப் பாதியும் கீழ்ச்சங்கிலிக்குப் பாதியுமாக, அச்சை ஏறக்குறைய எட்டில் மூன்று அங்குலம் பின்னே இழுத்தால் யாவும் சரியாகிவிடும். எமது வண்டியின் வெட்டு அரை அங்குலம் நீளமுடையது. 51 அங்குலம், அஃதாவது 102 கண்ணிகள், அன்றி வேறெதுவும் அதற்குப் பொருந்தாது.

நாம் பூட்டியதும் 102 கண்ணிகளே. பின் ஏன் கழன்றது?

மகள் அடிமட்டத்தை எடுத்து, கழற்றிய சங்கிலியில் 24 கண்ணிகளை அளந்தாள். 12 அங்குலம் இருக்கவேண்டிய இடத்திலே 12 அங்குலமும் எட்டிலொன்றும் இருந்தது. பல்லாண்டு ஓட்டத்திலே ஆணிகளும் அவை சுழலும் துளைகளும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியும் மயிரிழையளவு நீண்டுவிட்டது. எண்ணிக்கை சரி, நீளம் பிழை. அச்சை வெட்டின் பின்னந்தம் வரை இழுத்தும் கால் அங்குலம் மிஞ்சி நின்றது.

கால் அங்குலந்தானே என்று அன்று எண்ணியது எமது பேதைமை. மாணவர்கள் இதனைப் பைதகரசு தேற்றத்தாற் பார்த்துக்கொள்ளலாம். 17 அங்குல இடைவெளியிலே 17¼ அங்குலச் சங்கிலியை நடுவிற் பிடித்து இழுத்தால், 8½ ஐ அடியாகவும் 8⅝ ஐச் செம்பக்கமாகவும் கொண்ட இரு செங்கோண முக்கோணிகள் தோன்றும். எஞ்சிய பக்கம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்! அவ்வளவு தொய்ந்த சங்கிலி, ஒரு குலுக்கலிலோ ஓர் உந்தலிலோ பற்களை விட்டேறிவிடும். நடுவிலே விரலை வைத்து அசைத்தால் மேலும் கீழுமாக மொத்தம் அரை அங்குலம் ஆடுவதே அளவான தொய்வு. அதற்கு வேண்டிய மிகுதி மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே.

ஆட்டமே இல்லாதபடி இறுக்குவாரும் உளர். பற்சில்லுகள் முற்றும் வட்டமாக அமைவது அரிது. பெடலை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் இறுகி, வேறோரிடத்தில் நெகிழும். இறுகுமிடத்திலும் சிறிது ஆட்டம் இருத்தல் வேண்டும். இன்றேல் சங்கிலி முனகும், போல்ஸ்கள் தேயும், ஓட்டுபவர் கால் சோரும்.

மறுநாள் புதுச் சங்கிலி வாங்கினோம். விலையைக் கேட்டுச் சற்றுத் தயங்கினோம் என்பதை மறைப்பானேன்? பழையதன் பக்கத்தில் வைத்து நீளத்தாற் பாராது, கண்ணிகளை எண்ணியே வெட்டினோம். பூட்டுக் கண்ணியின் கவ்வியிலே மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வைத்தோம். நட்டுக்களை இருபுறமும் இறுக்கு முன்னர், பின்சில்லு சட்டத்தின் நடுவே நேராக நிற்கின்றதா என்று பார்த்தாள் மகள். வெட்டிலே பின்னே எஞ்சியது எட்டிலொரு அங்குலத்திற்குச் சற்று மேல். சங்கிலி அடிக்குப் பதினாறிலொரு அங்குலம் நீளும் வரை அவ்விடம் போதும். அதற்குமேல் நீண்ட சங்கிலி பற்களையும் தின்னத் தொடங்கும், மாற்றிவிடுவதே சிக்கனம்.

நிற்க, எல்லா வண்டிகளுக்கும் இவ்வழி பொருந்தாது. புதிய கியர் வண்டிகள் பலவற்றிலே அச்சுக்குரிய வெட்டு நேர் கீழ்நோக்கியது. அச்சை முன்பின் நகர்த்த இடமில்லை. அவற்றிற்குச் சங்கிலியை அழுத்திப் பிடிக்கும் சிறிய வில்லுச் சில்லொன்று வேண்டும். துருப்பிடியாத கியர்ப் பொறி இருப்பின் அதனையே ஓரிடத்தில் நிறுத்தி இவ்வேலைக்குப் பயன்படுத்தலாம். பெடலைப் பின்னே மிதித்து நிறுத்தும் வண்டிகளுக்கு மாத்திரம் இது கூடாது. பின்மிதியின் இழுவை கீழ்ச்சங்கிலியில் விழுந்து வில்லை முறிக்கும்.

மகள் இப்பொழுது பல்கலைக்கழகத்தில். வண்டி தம்பியின் கைக்கு வந்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் அடிமட்டத்தோடு திண்ணையில் அமர்ந்து 24 கண்ணிகளை அளந்து, அளவை அக்காவுக்குத் தொலைபேசியில் ஒப்புவிக்கின்றான்.