கேட்கத் தெரியுமா, சார்?

கள்ளக்குறிச்சி தியேட்டராகட்டும், சென்னை மல்டிபிளெக்ஸாகட்டும்... நம் சினிமாவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஹீரோ அந்தப் பெண்ணின் பின்னாலேயே போவார். அவள் 'சீ, போ!' என்பாள். ஹீரோ இன்னும் நாலு தெரு பின்னால் போவார். பளார் என்று கன்னத்தில் ஓர் அறை விழும். அடுத்த சீன்... சுவிட்சர்லாந்தில் டூயட்!

அதாவது, 'வேண்டாம்' என்றால் 'வேண்டும்' என்று அர்த்தம். ஒன்றுமே சொல்லாவிட்டால்? அதற்குத்தான் 'மௌனம் சம்மதம்' என்று ரெடிமேடாக ஒரு வசனம் வைத்திருக்கிறோமே!

இந்தப் பாடத்தை நமக்கு எந்த வாத்தியாரும் நடத்தவில்லை. ஆனாலும் எல்லோரும் பாஸ்.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா பேப்பர் ஞாபகம் இருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம் என்கிறது 13-வது பிரிவு. மிரட்டியோ, ஏமாற்றியோ, தன் பிடியில் இருப்பவரை நெருக்கியோ வாங்கினால் அது சுதந்திரமான சம்மதம் ஆகாது என்கிறது 14-வது பிரிவு. பத்து மூட்டை மக்காச்சோளம் வாங்கி விற்பதற்கே இவ்வளவு ஜாக்கிரதை! ஒரு பெண்ணைத் தொடுகிற விஷயத்தில் மட்டும் 'என்னைப் பார்த்துச் சிரிச்சா மச்சான்' என்பது போதுமா?

போதாது என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒரு மாணவிகள் கூட்டமும் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆன்டியாக் என்று ஒரு சின்னக் கல்லூரி. 1990-ல் அந்த வளாகத்தில் பலாத்காரப் புகார்கள் கிளம்பின. கொதித்துப்போன மாணவிகள் ஒன்று கூடி, நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று, ஒரு விதிமுறையைக் கொண்டுவர வைத்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: நெருங்குகிற ஒவ்வொரு கட்டத்திலும் வாய் திறந்து கேட்க வேண்டும், பதில் வர வேண்டும். முதல் கட்டத்துக்குச் சொன்ன 'சரி' அடுத்த கட்டத்துக்குச் செல்லாது. தூங்குபவரும் போதையில் கிடப்பவரும் சொன்னதாக எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

1993-ல் இது பத்திரிகைகளுக்குத் தெரிந்ததும் உலகமே விழுந்து விழுந்து சிரித்தது. 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டி.வி. காமெடி நிகழ்ச்சி, இதை ஒரு போட்டி விளையாட்டாக்கிக் கிண்டலடித்தது. முத்தம் கொடுக்க பர்மிஷன் லெட்டரா என்று கேலி!

சிரிப்பு அடங்க 21 வருஷம் ஆயிற்று. 2014-ல் கலிஃபோர்னியா மாநிலம், அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கெல்லாம் இதே கருத்தைச் சட்டமாக்கியது. எதிர்ப்புக் காட்டாததும் மௌனமாக இருந்ததும் சம்மதம் ஆகாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

'அதெல்லாம் அமெரிக்கா சார்' என்கிறீர்களா? நம் கதை இன்னும் கசப்பு. 1972-ல் மகாராஷ்டிராவில் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே கொடுமை நடந்ததாக இரண்டு போலீஸ்காரர்கள் மீது வழக்கு. 1978-ல் சுப்ரீம் கோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. அவள் உடம்பில் காயம் இல்லை, ஆகவே எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதித்தாள்! வாதம் இப்படிப் போயிற்று. உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பயந்து அடங்குவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதுதான் அதன் சாரம். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது.

2013-ல் இன்னொரு திருத்தம். சம்மதம் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது. போராடித் தடுக்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக ஆகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது. இன்னொன்று, நண்பர்களே... பதினெட்டு வயது நிரம்பாத பெண் 'சரி' என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது சம்மதமே அல்ல. கல்லூரி முதல் வருஷத்தில் பதினேழு வயசுப் பெண்கள் நிறைய உண்டு. 'காலேஜ் பொண்ணுதானே' என்பது கோர்ட்டில் எடுபடாது!

* * *

தமிழில் 'கேட்பது' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று வாயால் கேட்பது. அதைத்தான் இதுவரை பார்த்தோம். இன்னொன்று காதால் கேட்பது. அது இன்னும் கஷ்டம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கோமுகி அணை, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் இறங்கி வருகிறது. மலையில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளி அல்ல, இவர்கள் பேசுவது தமிழ்.) குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதிக்கிற பெண்கள் இங்கே உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. பஸ் இருக்கிறது, பணம் இருக்கிறது, சீட்டும் கிடைத்துவிட்டது.

அப்படி வருகிற ஒரு பெண்ணிடம் ஒரு சீனியரோ, ஒரு வாத்தியாரோ அத்து மீறினால்? வீட்டில் சொல்லலாம். 'படிச்சது போதும் தாயீ, வந்துடு' என்பார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, பயத்தில். தப்பு செய்தவன் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பான். அவள் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவாள். அவளோடு அவள் ஊரில் அடுத்துப் படிக்க வேண்டிய நாலு பெண்களின் படிப்பும் போகும்.

அதனால்தான் இப்படிப்பட்டவள் பெரும்பாலும் பக்கத்து பெஞ்ச்சில் இருக்கிற பெண்ணிடமோ பையனிடமோதான் முதலில் வாய் திறப்பாள். 'நீ ஏன் அங்க தனியாப் போன?' என்று அவன் ஆரம்பித்தால் கதை அங்கேயே முடிந்தது. 'சரி, சொல்லு. நான் கூட வரேன்' என்றால்தான் அடுத்த அடி.

இந்த 'கூட வரேன்' என்பதை ஓர் ஏற்பாடாகவே செய்து காட்டியது டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். பாலியல் தொல்லை பற்றி சுப்ரீம் கோர்ட் 1997-ல் விசாகா தீர்ப்பு கொடுத்ததும், 1999-ல் அங்கே 'ஜி.எஸ்.கேஷ்' என்று ஒரு குழு அமைந்தது. புகாரை விசாரிக்கிற அந்தக் குழுவில் மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மாணவப் பிரதிநிதிகளும் இருந்தார்கள். 2017-ல் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டு வேறு குழு போட்டபோது மாணவர்கள் சும்மா விடவில்லை, போராடினார்கள்.

ஆனால் அதற்குள் விதை தூவியாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ம் வருஷ விதிமுறைகள் (அரசிதழில் வந்தது 2016 மே) இந்தியாவின் எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் உள் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கின. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். நியமனம் அல்ல, தேர்தல்! குழுவில் பாதிப்பேராவது பெண்கள். துணைவேந்தரோ, துறைத் தலைவரோ உள்ளே உட்காரக் கூடாது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் சொன்ன பெண்ணின் பரீட்சைப் பேப்பரை, புகாருக்கு ஆளானவர் திருத்தாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. 'இன்டர்னல் மார்க் அவர் கையில' என்று வாயை மூடிக்கொள்கிற பெண்ணுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தைரியம்!

காதால் கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2023 மார்ச் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவில் மாணவ மாணவிகள் வகுப்பை விட்டு வெளியே வந்து தரையில் உட்கார வேண்டியதாயிற்று. ஏப்ரல் 3-ம் தேதி ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார். ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழுவும் வந்தது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி துணிந்து போலீஸில் புகார் கொடுத்தார். அவரைப் பற்றிய விவரங்களோடு எஃப்.ஐ.ஆரே வெளியே கசிந்து ஊரெல்லாம் சுற்றியது! அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது ஐகோர்ட். 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 30 வருஷம் என்று தீர்ப்பானது. ஆனால் அந்த எஃப்.ஐ.ஆரை ஃபார்வர்டு செய்த விரல்களுக்கு? பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு வருஷம் வரை ஜெயில் தரக்கூடிய குற்றம். அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே அனுப்பியவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே ஆபீஸ் போகிற அண்ணன்மார்களே, இரண்டு சின்ன வேலை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் உங்கள் ஆபீஸிலும் 2013 சட்டப்படி புகார்க் குழு இருக்க வேண்டும். அதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டவும் வேண்டும். திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். பழைய தீபாவளி போனஸ் சர்க்குலருக்கு அடியில் இருந்தால் மேலே எடுத்துக் குத்துங்கள்.

இரண்டாவது, கல்லூரியில் படிக்கிற தங்கையிடமோ தம்பியிடமோ, 'உங்க காலேஜ் புகார்க் குழுவில இருக்கிற அந்த மூணு ஸ்டூடன்ட்ஸ் யாரு?' என்று கேளுங்கள். தெரியாது என்றால் விசாரிக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதையும் போனில் பதிந்து கொடுங்கள். அந்தப் பேச்சோடு பேச்சாக தங்கை வேறு ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், டி.வி.யை அணைத்துவிட்டு, குறுக்கே பேசாமல், கடைசி வரைக்கும் கேளுங்கள்.