ஆன்லைனில் டாக்டர் பட்டம், ஆயிரம் மணி நேரம் நோயாளி அருகே

அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் 1925-ல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் தொடங்கிய சேவையில் நர்ஸ்கள் குதிரையேறிப் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். சாலை கிடையாது. உலகப் போர் வந்ததும் அங்கிருந்த பிரிட்டிஷ் மருத்துவச்சிகள் பலர் நாடு திரும்ப, உள்ளூரிலேயே ஆள் தயார் செய்ய 1939-ல் ஒரு பள்ளி பிறந்தது. அதுதான் இன்றைய ஃபிரான்டியர் நர்சிங் பல்கலைக்கழகம். இணையம் பரவுவதற்கு முன்பே, 1989-ல், அது தொலைநிலைக் கல்வியில் இறங்கிவிட்டது. மலையூர் நர்ஸைப் படிக்க நகரத்துக்கு அழைத்தால் அவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இப்போது அங்கே டிஎன்பி (டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்) என்ற டாக்டர் பட்டமும் உண்டு. நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்து நர்ஸ், மகப்பேறு நர்ஸ், சிறப்புத் துறை நர்ஸ் ஆகிய நான்கு உயர்நிலைப் பணிகளுக்கான உச்சப் படிப்பு இது. இதை 2001-ல் கென்டக்கி பல்கலைக்கழகம் முதலில் கொண்டுவந்தது. 2015-க்குள் இந்தப் பணிகளுக்கெல்லாம் இதுவே நுழைவுத் தகுதியாக வேண்டும் என்று 2004-ல் அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் சொன்னது. நடக்கவில்லை, நர்ஸ் பிராக்டிஷனராக இன்றும் முதுகலை போதும். மயக்க மருந்து நர்ஸ் படிப்பில்தான், 2022 முதல் புதிதாகச் சேர்பவர்கள் டாக்டர் பட்டத்துக்கே படிக்க வேண்டும்.

பிஎச்.டி. புதிய அறிவைத் தேடுகிறது. டிஎன்பி, ஏற்கெனவே நிரூபணமானதை வார்டுக்குக் கொண்டுவருகிறது. ஒரு கிராம கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகளின் கால்களை யாரும் ஒழுங்காகப் பரிசோதிப்பதில்லை என்று வையுங்கள். மாணவி முதலில் பழைய பதிவேடுகளை எடுத்து, எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்று எண்ணுவார். பிறகு, நோயாளி அறைக்குள் வந்ததும் செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்வதை வழக்கமாக்குவார். சில மாதம் கழித்து மறுபடி எண்ணுவார். இறுதித் திட்டம் என்பது இப்படித்தான் இருக்கும். சின்ன வேலையாகத் தெரியலாம்; வேலைக்கு நடுவே சக ஊழியர்களின் பழக்கத்தை மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் புரியும்.

ஆன்லைனில் நடப்பது பாடமும் விவாதமும் தேர்வும். பட்டப்படிப்புக்குப் பிறகு குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்று 2006-ல் விதி வந்தது. முதுகலையில் செய்த நேரமும் அதில் சேர்ந்தது. வாரம் 40 மணி நேரம் என்றாலும் 25 வாரம்! ஃபிரான்டியரில் மாணவர்கள் களப்பயிற்சிக்கு முன் நேரில் வந்து, தையல் போடுவது போன்றவற்றைக் கையால் பழகிவிட்டுத்தான் போக வேண்டும்.

பலர் திணறுவது பாடத்தில் அல்ல. தங்கள் ஊரில் பயிற்சியை மேற்பார்வையிட்டு நேரக்கணக்கில் கையெழுத்திடும் 'பிரிசெப்டர்' கிடைப்பதில்லை. நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது ஒரு மாணவியையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க எத்தனை பேருக்குப் பொறுமை? பல கல்லூரிகள் அந்தத் தேடலை மாணவர் தலையிலேயே கட்டிவிடுகின்றன. பணம் வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துத் தரும் நிறுவனங்களும் முளைத்துவிட்டன. முழுக் கட்டணம் வாங்கும் கல்லூரி இதைச் செய்யாமலிருப்பது அநியாயம் என்பேன்.

பட்டம் கிடைத்தாலும் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் மருந்து எழுதலாமா என்பதையும் அந்தந்த மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது. நோயாளியிடம் 'டாக்டர்' என்று அறிமுகம் செய்துகொள்வதைக் கலிஃபோர்னியா சட்டம் தடுக்கிறது. 2023-ல் நர்ஸ் பிராக்டிஷனர்கள் மூவர் அதை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றம் போனார்கள். சேர நினைப்பவர் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது: பிரிசெப்டரை நீங்கள் தேடித் தருவீர்களா, நான் தேட வேண்டுமா?